வாசகர் கேள்வி – பதில்: இத்தாலியின் முதல் பெண் அமைச்சர் டீனா அன்செல்மி

சென்ற இதழில், தொழிற்சங்கத்திலிருந்து அமைச்சரவைக்குச் சென்ற பெண்கள் யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு இத்தாலியின் டீனா அன்செல்மியைப் பற்றி நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ஆசிரியை ஒருவர் அமைச்சராகும் அளவுக்கு அரசியலில் எப்படி நுழைந்தார்? (அரசுப் பள்ளி ஆசிரியை, அரூர்)

பதில்: அவர் ஆசிரியை ஆவதற்கு முன்பே அரசியல் அவரைத் தேடி வந்துவிட்டது. 1927 மார்ச் 25 அன்று, வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் உள்ள காஸ்டெல்ஃபிராங்கோ வெனெட்டோ என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். மருந்துக்கடையில் உதவியாளராக இருந்த தந்தை சோசலிசக் கருத்துடையவர் என்பதால் பாசிச ஆட்சியில் தொல்லைக்கு ஆளானவர். மகள் ஆசிரியர் பயிற்சிக்காகப் பக்கத்து ஊரான பஸ்ஸானோ டெல் கிராப்பாவில் படித்துக்கொண்டிருந்தார். 1944 செப்டம்பர் 26 அன்று, ஜெர்மானியப் படையினரும் இத்தாலியப் பாசிசத்தினரும் சேர்ந்து, தங்களை எதிர்த்துப் போராடிய எதிர்ப்பியக்கத்தைப் பழிவாங்கும் நோக்கில் 31 பேரை அவ்வூர்ச் சாலையோர மரங்களில் தூக்கிலிட்டனர். பள்ளி மாணவிகள் கட்டாயமாக அழைத்துச்செல்லப்பட்டு அதைப் பார்க்கவைக்கப்பட்டனர். டீனாவும் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 17.

சில வாரங்களுக்குள் 'கபிரியேல்லா' என்ற புனைபெயருடன் எதிர்ப்பியக்கத்தின் செசாரே பத்திஸ்தி படைப்பிரிவில் தூதராகச் சேர்ந்தார். பிடிபட்டால் சித்திரவதையும் சாவும் உறுதி என்று தெரிந்தும், சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று செய்திகளைக் கொண்டுசேர்ப்பதே அவர் வேலை. அதே ஆண்டு டிசம்பரில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் இணைந்தார். போர் முடிந்தபின் மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துவிட்டுத் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தினார். கூடவே சங்க வேலையும் பார்த்தார். 1948 வரை நெசவு, நூற்பாலைத் தொழிலாளர்களிடையே இருந்தவர், பிறகு 1955 வரை தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தில் இருந்தார். நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1968-இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் சங்கத்திலும் கட்சியிலும் அடிமட்ட வேலை பார்த்த பிறகே அவருக்கு அந்த இடம் கிடைத்தது என்பதைத் தங்களைப் போன்றோர் கவனிக்கவேண்டும்.

கேள்வி: நாங்கள் மல்பெரி பயிரிட்டு, பட்டுக்கூட்டைத் தருமபுரி அங்காடியில் ஏலத்துக்குக் கொண்டுபோகிறோம். அந்த அம்மாளின் ஊர்ப்பக்கமும் பட்டு விளைந்த சீமை என்கிறார்களே, உண்மையா? (பட்டு விவசாயி, பாலக்கோடு)

பதில்: உண்மைதான். வெனெட்டோவிலும் அதையொட்டிய வட இத்தாலியப் பகுதிகளிலும் குடியானவர் வீடுதோறும் பட்டுப்புழு வளர்த்த காலம் ஒன்று இருந்தது. கூட்டை வெந்நீர்த் தொட்டியில் ஊறவிட்டு இழை எடுக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. கொதிநீரில் விரல் நனைந்து நனைந்து தோல் உரிந்துபோகும் அந்த வேலையைப் பற்றித் தங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. செயற்கை இழையும் ஆசிய நாடுகளின் பட்டும் வந்தபின் அந்தத் தொழில் அங்கே நசிந்துவிட்டது. அன்செல்மி சங்க வேலை பழகியது இத்தகைய ஆலைப் பெண்கள் நடுவில்தான். அவர் பின்னாளில் கொண்டுவந்த சம ஊதியச் சட்டத்தை ஏட்டுக் கல்வியில் பிறந்த சட்டமாக நாம் கருதாமலிருக்க இது ஒரு காரணம்.

கேள்வி: பெண்ணை அமைச்சராக்க ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு 1976 வரையா ஆயிற்று? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: ஆம். இத்தாலியப் பெண்கள் 1946-இல்தான் முதன்முதலாக வாக்களித்தார்கள். அவ்வாண்டு அரசியல் நிர்ணய சபையின் 556 உறுப்பினர்களில் பெண்கள் 21 பேர். அதே 1946-இல் நம் சென்னை மாகாணத்தில் ருக்மிணி லட்சுமிபதி பொதுச் சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்றுவிட்டார். 1947-இல் மத்திய அமைச்சரவையில் ராஜகுமாரி அம்ரித் கௌர் இருந்தார். இதை வைத்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கேள்வி வரும்வரைதான்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகப் பிரிவில் வேலை செய்கிறேன். சம வேலைக்குச் சம ஊதியம் என்று நம் நாட்டிலும் 1976-ஆம் ஆண்டே சட்டம் வந்ததாகப் படித்தேன். அன்செல்மியின் சட்டத்தில் அதைவிட என்ன இருந்தது? (பெண் தொழிலாளி, ஓசூர்)

பதில்: நல்ல கேள்வி, சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1976 ஜூலை இறுதியில், அதே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பிரதமர் ஜூலியோ ஆந்த்ரேயோத்தி அமைத்த அமைச்சரவையில் அன்செல்மி தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார். அது நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்றதால் மட்டுமே உயிர்வாழ்ந்த சிறுபான்மை அரசு. அத்தகைய அரசில் கையில் உள்ள துறையைக் கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு, 1977 டிசம்பர் 9 தேதியிட்ட 903-ஆம் எண் சட்டமே பதில்.

இத்தாலிய அரசியலமைப்பின் 37-ஆவது பிரிவு, சம வேலை செய்யும் பெண்ணுக்குச் சம ஊதியம் உண்டு என்று 1948 முதலே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பெண்கள் பார்க்கும் வேலைக்குத் தனிப் பெயர் சூட்டித் தாழ்ந்த தரத்தில் வைத்துவிட்டால், அது ஆணின் வேலைக்குச் சமமே அல்ல என்று வாதாடிவிடலாம். முதலாளிகள் செய்ததும் அதைத்தான். 903-ஆம் எண் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது: ஒரே வேலைக்கு மட்டுமன்றிச் சம மதிப்புள்ள வேலைக்கும் சம ஊதியம், பணித்தரம் பிரிக்கும் அளவுகோல் இருபாலார்க்கும் ஒன்றே, வேலைக்கு ஆள் எடுக்கும்போதே பால், திருமணம், கர்ப்பம் ஆகியவற்றைக் காட்டி ஒதுக்கக்கூடாது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1975-லும் 1976-லும் பிறப்பித்த ஆணைகள் இதற்குத் துணைநின்றன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

எங்களுக்கு இச்சட்டத்தில் மிகவும் பிடித்தவை, அதிகம் பேசப்படாத சில பிரிவுகள். வேலைக்குப் போகும் தாய் தன் விடுப்பைத் துறந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த விடுப்பைத் தந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. இறந்துபோன மனைவியின் ஓய்வூதியத்தில் கணவனுக்கும், பெண்ணுக்குரிய அதே நிபந்தனையில் பங்கு அளித்தது. ஆணுக்குக் கிடைக்கும் எதையும் பறிக்காமல், குழந்தை வளர்ப்பு பெண்ணுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தையே அசைத்துப் பார்த்த பிரிவுகள் இவை.

நம் 1976 சட்டமும் ஊதியத்தில் மட்டுமன்றி ஆள் எடுப்பதிலும் பாகுபாட்டைத் தடுத்தது. தந்தையின் விடுப்பு அதன் எல்லைக்குள் வரவில்லை. குறை இரு பக்கமும் ஒன்றேதான். சட்டம் மீறப்படுகிறதா என்று தேடிச்சென்று பார்க்கும் அமைப்பு 903-இல் வலுவாக இல்லை. வழக்குத் தொடுக்கும் சுமை பாதிக்கப்பட்ட பெண்ணின் தலையிலேயே விழுந்தது. 1991-இல் வேறொரு சட்டம் வந்துதான் அதை ஓரளவு சரிசெய்தது. மாங்கூழ் ஆலையில் பழம் நறுக்கும் பெண்ணுக்கும் பெட்டி தூக்கும் ஆணுக்கும் இடையில் ஊதியம் வேறுபடுவதைக் கிருஷ்ணகிரி பக்கம் யாரும் வியப்போடு பார்ப்பதில்லை. சம மதிப்புள்ள வேலை எது என்ற கேள்வியை அங்கே இன்னும் கேட்கலாம்.

கேள்வி: இத்தாலியில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்தவர் அவர் என்கிறார்கள். காப்பீட்டு அட்டை முறையா, நம் ஆரம்ப சுகாதார நிலைய முறையா? (கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம் வட்டம்)

பதில்: அட்டை முறையிலிருந்து விலகி, நிலைய முறைக்கு அருகே வந்தது என்று சொல்லலாம். அதுவரை இத்தாலியில் தொழில்வாரியாக மருத்துவ நிதி அமைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆலைத் தொழிலாளிக்கு ஒன்று, அரசு ஊழியருக்கு ஒன்று, குடியானவருக்கு ஒன்று. சலுகையும் ஆளுக்கு ஆள் வேறு. எதிலும் சேராதவர்கள் நகராட்சியின் ஏழைப் பட்டியலை நம்பியிருந்தார்கள். அந்த அமைப்புகள் மருத்துவமனைகளுக்குக் கடன் வைத்துக் கடன் வைத்து மூழ்கிக்கொண்டிருந்த வேளையில், 1978 மார்ச்சில் அன்செல்மி சுகாதார அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பர் 23 தேதியிட்ட 833-ஆம் எண் சட்டம் தேசிய மருத்துவச் சேவையை நிறுவியது. தொழில், வருமானம் எதுவாயினும் நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஒரே சேவை என்பது அதன் அடிப்படை. 50,000 முதல் 2,00,000 பேர் வரை வாழும் பகுதிக்கு ஓர் உள்ளூர்ச் சுகாதார அலகு. நோய்த் தடுப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அந்த ஒரே அலகின் பொறுப்பு. உங்கள் நிலையம் சமவெளியில் ஏறத்தாழ 30,000 பேருக்கு என்ற கணக்கில் அமைவதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

இதை அவர் தனியொருவராகச் சாதித்தார் என்று எழுதினால் அது புகழுரைதான். கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பல்லாண்டுகளாக இழுத்துவந்த தேர் அது. அன்செல்மியின் காலத்தில் நிலைக்கு வந்தது. அவ்வாண்டு மே 13 அன்று வந்த 180-ஆம் எண் சட்டமும் அவர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறியதே. மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியாவின் பெயரோடு வழங்கும் அச்சட்டம், மனநோயாளிகளைப் பூட்டிவைக்கும் காப்பகங்களில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியது. உள்ளூர் அலகுகளின் நிர்வாகக் குழுக்கள் பின்னர்க் கட்சிக்காரர்களின் பங்கீட்டுக் களமாகிப் பெயர் கெட்டதும், 1992-இல் நிர்வாக அமைப்பை மாற்றவேண்டி வந்ததும் சேர்ந்ததே இந்த வரலாறு.

கேள்வி: பக்தியுள்ள கத்தோலிக்கரான அவர் கருக்கலைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டது எங்கள் ஊரில் விவாதப் பொருளாகிவிட்டது. அது சரியா? (வாசகர், எலத்தகிரி)

பதில்: 1978 மே 22-இன் 194-ஆம் எண் சட்டத்தை அவரும் அவர் கட்சியும் நாடாளுமன்றத்தில் ஆதரிக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் துறை அமைச்சர் ஒப்பமிடவேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அவ்வாறே பிரதமர் ஆந்த்ரேயோத்தியும் ஒப்பமிட்டார். ஒப்பமிட மறுத்துப் பதவியைத் துறந்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. துறந்திருந்தால் அடுத்தவர் ஒப்பமிட்டிருப்பார். ஏழு மாதம் கழித்து வந்த மருத்துவச் சேவைச் சட்டம் வேறு கைக்குப் போயிருக்கும். 1981-இல் அச்சட்டத்தை நீக்கக் கோரி நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அது நீடிக்கவேண்டும் என்றார்கள். தனிப்பட்ட மனச்சான்றையும் பதவியின் கடமையையும் அவர் பிரித்தே பார்த்தார் என்பது எங்கள் கருத்து. எலத்தகிரியில் இதை ஏற்காதவர்கள் இருந்தால் அவர்களோடு சண்டைக்கு வரமாட்டோம்.

கேள்வி: இவ்வளவு செய்தவர் ஏன் பிரதமராகவோ குடியரசுத் தலைவராகவோ ஆகவில்லை? (கல்லூரி மாணவர், ஊத்தங்கரை)

பதில்: கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் உயர்பதவி என்பது உட்பிரிவுத் தலைவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பொருள். அன்செல்மிக்கு அப்படிப்பட்ட படை எதுவும் கிடையாது. அக்கட்சியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவின் சிந்தனைக்கு நெருக்கமானவர். அந்த மோரோவும் 1978 மே 9 அன்று 'சிவப்புப் படை' என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டுக் கிடந்தார். 1979 ஆகஸ்டுக்குப் பிறகு அன்செல்மி எந்த அமைச்சரவையிலும் இல்லை. அடுத்த பதிலில் வரும் விசாரணைதான் அவரைக் கட்சிக்குள் தனிமைப்படுத்தியது என்று நாங்கள் கருதுகிறோம். 1992-இல் நாடாளுமன்றத்துக்கு அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில், ஊழல் வழக்குகளின் வெள்ளத்தில் அந்தக் கட்சியும் கலைந்துபோயிற்று.

1998 முதல் 2001 வரை, பாசிச ஆட்சியில் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட சொத்துகளைக் கண்டறியும் அரசு ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். 2016 நவம்பர் 1 அன்று, பிறந்த ஊரிலேயே, 89 வயதில் காலமானார்.

கேள்வி: பி-2 ரகசியச் சங்கம் பற்றிய விசாரணை ஆணையத்தின் தலைவர் அவர்தான் என்று படித்தேன். அந்த வழக்கு என்ன, ஆணையம் என்ன கண்டது, யாருக்குத் தண்டனை கிடைத்தது? (வழக்கறிஞர், கிருஷ்ணகிரி)

பதில்: 1981 மார்ச் 17 அன்று, வங்கியாளர் மிக்கேலே சிந்தோனாவின் மோசடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மிலான் நீதித்துறை நடுவர்கள் கெரார்தோ கொலம்போ, ஜூலியானோ துரோனே ஆகியோரின் உத்தரவின்பேரில், நிதிக் காவல் படையினர் அரேட்சோ அருகே லீச்சோ ஜெல்லி என்பவரின் அலுவலகத்தில் சோதனை நடத்தினர். அங்கே 962 பெயர்கள் கொண்ட பட்டியல் கிடைத்தது. ஃபிரீமேசன் என்ற பழைய சகோதரத்துவ அமைப்பின் கிளையாகத் தொடங்கி, ஜெல்லியின் கையில் ரகசியக் கூட்டமாக மாறிவிட்ட 'ப்ரொபகாந்தா துவே' (சுருக்கமாக பி-2) எனும் சங்கத்தின் பட்டியல் அது. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், நீதிபதிகள், பத்திரிகையாளர்கள், வங்கியாளர் ரொபெர்தோ கால்வி, அன்று தொழிலதிபராக மட்டுமே அறியப்பட்ட சில்வியோ பெர்லுஸ்கோனி என அதில் இடம்பெறாத துறையே இல்லை. மே 21 அன்று பட்டியல் வெளியானது. சில நாள்களில் பிரதமர் ஃபொர்லானியின் அரசு கவிழ்ந்தது. 1945-க்குப் பிறகு முதன்முறையாகக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேராத ஒருவர், ஜொவான்னி ஸ்படோலினி, பிரதமரானார்.

நாடாளுமன்றம் 20 கீழவை உறுப்பினர்களும் 20 மேலவை உறுப்பினர்களும் கொண்ட விசாரணை ஆணையத்தை அமைத்தபோது, அதன் தலைமைக்கு அன்செல்மியைத் தேர்ந்தெடுத்தவர் கீழவைத் தலைவர் நில்டே யோத்தி. அவர் கம்யூனிஸ்ட். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் ஆளுங்கட்சிப் பெண்ணை நம்பி இப்பொறுப்பை ஒப்படைத்தார் என்பது அக்கால இத்தாலியில் சாதாரணச் செய்தி அல்ல. ஏனெனில் பட்டியலில் இருந்தவர்களில் பலர் அன்செல்மியின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஆணையம் 1981 இறுதியில் பணியைத் தொடங்கி, 1984 ஜூலையில் அறிக்கை அளித்தது. சாட்சியங்களும் ஆவணங்களும் நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாயின. ஆணையத்தின் முன் வந்த பெரிய மனிதர்கள் பலர் தங்கள் பெயர் எப்படியோ பட்டியலில் ஏறிவிட்டது என்றார்கள். கணக்குச் சீட்டுகளையும் சந்தா ரசீதுகளையும் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆணையம், பட்டியல் உண்மையானது என்ற முடிவுக்கு வந்தது. சங்க அலுவலகத்தில் உறுப்பினர் பதிவேட்டைச் சரிபார்த்த பழக்கம் தலைவருக்கு இங்கே கைகொடுத்திருக்கவேண்டும் என்பது எங்கள் ஊகம்.

அறிக்கையின் மையக் கருத்து இரட்டைக் கூம்பு என்ற விளக்கம். கீழே ஒரு கூம்பு. அதன் உச்சியில் ஜெல்லி. அதன்மேல் தலைகீழாக இன்னொரு கூம்பு. அதன் கீழ்முனையும் ஜெல்லியே. அதாவது, உறுப்பினர்களுக்கு அவர் தலைவர். தமக்கு மேலே இருந்தவர்களுக்கு வெறும் இணைப்பாளர். மேல் கூம்பில் இருந்தவர்கள் யார் என்பதை ஆணையத்தால் நிறுவ முடியவில்லை. அதை அறிக்கை ஒளிக்கவும் இல்லை.

தண்டனையைப் பற்றிக் கேட்டீர்கள். அரசுக்கு எதிரான சதி என்ற குற்றச்சாட்டிலிருந்து ரோம் நீதிமன்றங்கள் 1994-லும், மேல்முறையீட்டில் 1996-லும் சங்கத்தினரை விடுவித்தன. ஜெல்லி 1982-இல் ஜெனீவாவில் கைதாகி, மறு ஆண்டு அங்குள்ள சிறையிலிருந்து தப்பியவர். கால்வி நடத்திய அம்ப்ரோசியானோ வங்கியின் மோசடியிலும், 1980-இல் பொலோன்யா ரயில் நிலையத்தில் நடந்த குண்டுவெடிப்பின் விசாரணையைத் திசைதிருப்பிய வழக்கிலும் பின்னர்த் தண்டிக்கப்பட்டார். கால்வி 1982 ஜூனில் லண்டன் பாலம் ஒன்றின் அடியில் தூக்கில் தொங்கியபடி கிடைத்தார். சிந்தோனா 1986-இல் சிறையில் நஞ்சுண்டு இறந்தார். பட்டியலில் இருந்தவர்களில் பலருடைய வாழ்க்கைப் பயணம் தடையின்றித் தொடர்ந்தது. பெர்லுஸ்கோனி பிரதமராகவே ஆனார்.

தாங்கள் வழக்கறிஞர் என்பதால் ஒன்றைக் கூறவேண்டும். விடுதலைத் தீர்ப்பைக் காட்டி ஆணையத்தின் உழைப்பு வீண் என்று இத்தாலியில் வாதிடுவோர் உண்டு. குற்றவியல் நீதிமன்றம் ஆராய்ந்தது, குறிப்பிட்ட ஒரு குற்றம் சட்டத்தின் சொற்படி நிறுவப்பட்டதா என்பதை. ஆணையம் ஆராய்ந்தது, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு கூட்டம் அரசின் நியமனங்களிலும் நாளிதழ்களின் உடைமையிலும் கைவைத்ததா என்பதை. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற பதிலை எந்தத் தீர்ப்பும் அழிக்கவில்லை. அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு ரகசியச் சங்கங்களை முன்பே தடைசெய்திருந்தும் அதைச் செயல்படுத்தச் சட்டம் இல்லாமலிருந்தது. ஸ்படோலினி, அன்செல்மி ஆகிய இருவர் பெயராலும் வழங்கும் 1982 ஜனவரி 25-இன் 17-ஆம் எண் சட்டம் அக்குறையை நீக்கி, பி-2 சங்கத்தைக் கலைத்தது. அத்தகைய சங்கத்தில் சேரும் அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க இன்றும் அந்தச் சட்டமே அடிப்படை.